பள்ளிக் கட்டடம் கட்டும் குத்தகை: கொடுத்த பிறகு மாற்றினால் கேட்பது யார்?

லயத்துப்பிள்ளை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். நம் பட்டணத்துத் தமிழ்ப்பள்ளிக்குப் புதிய மாடிக் கட்டடம் எழும்பிக்கொண்டிருப்பது இங்குள்ளவர்களுக்குத் தெரியும். சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களில் இருந்த பள்ளிகளில் எஞ்சியது இது ஒன்றுதான். அதனால் இந்தக் கட்டடம் ஊருக்கே சொந்தமானது என்று நினைத்து எழுதுகிறேன்.

டெண்டர் விட்டபோது வரைபடத்தில் வகுப்பறைகளோடு ஒரு மண்டபமும் இருந்தது. பழைய கட்டடத்துக்குப் போகும் வழிக்குக் கூரையும் இருந்தது. வேலை தொடங்கிச் சில மாதங்களில் மண்டபம் நீக்கப்பட்டது. கூரை வழியும் போயிற்று. ஆனால் மண்ணுக்குள் இறக்கும் அடித்தூண் வேலை கூடியிருக்கிறது, குத்தகைத் தொகையும் கூடியிருக்கிறது. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் அதிகாரி ஒருவரே சொன்ன செய்தி இது.

வேலி ஓரத்துத் திட்டப் பலகையைப் போய்ப் பாருங்கள். முடிக்கும் தேதியின்மேல் வெள்ளைத்தாள் ஒட்டிப் புதிய தேதி எழுதியிருக்கிறார்கள். வெயில் அடிக்கும்போது பழைய தேதி உள்ளிருந்து தெரிகிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மைத்துனரின் நிறுவனமும் அந்த டெண்டரில் கலந்துகொண்டு சிறிய வித்தியாசத்தில் தோற்றது. அவர் கேட்பது ஒரே கேள்வி: "மண்டபம் இல்லாத கட்டடத்துக்குத்தான் விலை கேட்கிறார்கள் என்று தெரிந்திருந்தால், நான் வேறு விலை போட்டிருப்பேனே?" இதைக் கேட்க சட்டத்தில் இடம் இருக்கிறதா? தோற்றவர் கேட்கலாமா, பெற்றோர் கேட்கலாமா?

---

கிள்ளான்_வழக்கறிஞர்

தம்பி, இதில் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. குத்தகையைக் கொடுத்த முடிவு ஒன்று. கொடுத்த பிறகு மாற்றிய முடிவு இன்னொன்று. இரண்டுக்கும் பாதை வேறு.

முதலாவதற்கு, மலேசிய உயர் நீதிமன்றத்தில் நீதித்துறை மறுஆய்வு கேட்கலாம்; அரசாங்கத்தின் முடிவு சட்டப்படி எடுக்கப்பட்டதா என்று நீதிமன்றம் பார்ப்பது அது. 2012-ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகளின் 53-ஆவது கட்டளை அதற்கானது. முடிவு தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து, அல்லது காரணம் எழுந்த நாளிலிருந்து, 3 மாதத்துக்குள் மனுச் செய்ய வேண்டும். பழைய விதிகளில் 40 நாள்தான் இருந்தது. முதலில் நீதிமன்ற அனுமதி பெற வேண்டும். அனுமதி கிடைத்தால்தான் விசாரணை. அனுமதி கிடைத்தது என்பதற்காக வேலை நிற்காது. நீதிபதி தனியாக உத்தரவிட்டால்தான் நிற்கும். சாதாரண சிவில் வழக்காகத் தொடுத்தாலோ, 1956-ஆம் ஆண்டு அரசாங்க வழக்கு நடவடிக்கைச் சட்டத்தின் 29-ஆவது பிரிவு குறுக்கே நிற்கும். அரசாங்கத்துக்கு எதிராகத் தடை உத்தரவு கிடைக்காது, உரிமையைச் சொல்லும் தீர்ப்பு மட்டும் கிடைக்கும்.

இன்னொன்று. டெண்டர் ஆவணத்திலேயே, ஆகக் குறைந்த விலையையோ வேறு எந்த விலையையோ ஏற்க அரசாங்கம் கட்டுப்பட்டதல்ல என்று எழுதியிருப்பார்கள். தோற்றவர் "என் விலைதான் நல்ல விலை" என்று வாதாடினால் எடுபடாது. நடைமுறை மீறப்பட்டது, பாரபட்சம் நடந்தது, அறிவித்த நிபந்தனைக்கு மாறாகத் தேர்ந்தெடுத்தார்கள் என்று காட்ட வேண்டும். இந்தியாவில் 1994-இல் டாடா செல்லுலார் வழக்கில் சொன்னதும் இதுதான்: நீதிமன்றம் முடிவுக்கு வந்த வழியைப் பார்க்கும், முடிவைத் தானே எடுக்காது.

உங்கள் மைத்துனருக்கு முதல் முடிவு பற்றிய 3 மாதம் எப்போதோ கடந்துவிட்டது. இரண்டாவது கேள்விக்கு வருவதற்கு முன், மாற்றம் எந்த வகை என்று தெரிய வேண்டும். கட்டுமானக் கணக்குத் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

---

தெற்குத்தோட்டம்

வழக்கறிஞர் ஐயா, மரியாதையோடு கேட்கிறேன். அரசாங்கக் குத்தகையைக் கேள்வி கேட்டு இந்த நாட்டில் யார் எங்கே வென்றார்கள்? வடக்கு தெற்கு நெடுஞ்சாலைக் குத்தகையை எதிர்த்து எதிர்க்கட்சித் தலைவராக இருந்த லிம் கிட் சியாங்கே நீதிமன்றம் போனார். 1988-இல் அப்போதைய உச்ச நீதிமன்றம் 3-க்கு 2 என்ற பெரும்பான்மையில், வழக்காடும் தகுதியே உமக்கு இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டது. வரி செலுத்துகிறவர், நெடுஞ்சாலையைப் பயன்படுத்தப்போகிறவர், நாடாளுமன்ற உறுப்பினர் என்ற எதுவும் போதவில்லை. அவருக்கே அந்த நிலை என்றால், மண்டபம் எங்கே என்று கேட்கும் பால்மரத் தொழிலாளியின் பேரனுக்கு என்ன கிடைக்கும்?

---

கிள்ளான்_வழக்கறிஞர்

அந்தத் தீர்ப்பு பல ஆண்டுகள் கதவை அடைத்து வைத்தது உண்மை. ஆனால் அதோடு நிற்கவில்லை. 2014-இல் மலேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸ் வழக்கில் நாட்டின் உச்சியில் உள்ள கூட்டரசு நீதிமன்றம் அளவுகோலைத் தளர்த்தியது. அதுவும் குத்தகை சார்ந்த வழக்குதான். சிலாங்கூர் தண்ணீர் விநியோக ஒப்பந்தத்தைக் காட்டச் சொல்லித் தொடுத்தது. 53-ஆவது கட்டளையில் உள்ள சொல் "பாதிக்கப்பட்டவர்" என்பது. தனிப்பட்ட உரிமை பறிபோக வேண்டும், தனியான நட்டம் ஏற்பட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, விவகாரத்தில் உண்மையான அக்கறை இருந்தால் போதும் என்று அங்கே சொல்லப்பட்டது.

பள்ளி வாரியமும் பெற்றோர் சங்கமும் தம் பிள்ளைகள் படிக்கும் கட்டடத்தைப் பற்றிக் கேட்கும்போது, அக்கறை இல்லை என்று யாரும் எளிதில் சொல்ல முடியாது. உள்ளே நுழையலாம் என்பதற்குத்தான் இந்தத் தீர்ப்பு உதவும்; வெல்வதற்கு வேறு வாதம் வேண்டும்.

---

அளவுக்காரர்

நான் கட்டுமான அளவைத் துறையில் இருக்கிறேன். இந்தப் பள்ளியின் ஆவணங்களைப் பார்த்தவன் அல்ல. பொதுவாக இது எப்படி நடக்கிறது என்று மட்டும் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அளவுப் பட்டியல் (ஒவ்வொரு வேலையையும் அதன் அளவையும் வரிசையாக எழுதிய பட்டியல்) வைத்துச் செய்யும் அரசாங்கக் கட்டட வேலைகளுக்குப் பொதுப்பணித் துறையின் 203ஏ என்ற ஒப்பந்தப் படிவம் உண்டு. 2010-இல் திருத்தப்பட்ட பதிப்பு கையில் கிடைத்தால் 24-ஆவது பிரிவைப் படியுங்கள். வடிவமைப்பு, தரம், அளவு ஆகியவற்றை மாற்றும்படி மேற்பார்வை அதிகாரி உத்தரவிடலாம். அப்படி மாற்றுவதால் ஒப்பந்தம் செல்லாமல் போகாது. இதுதான் வேலை மாற்ற உத்தரவு. தளத்தில் எல்லாரும் வி.ஓ. என்பார்கள். 25-ஆவது பிரிவு அதற்கு விலை போடும் முறை. மாறும் வேலை பட்டியலில் உள்ள வேலையைப் போன்றதாக இருந்தால் பட்டியல் விலையே பொருந்தும். விஷயம் இங்கேதான் இருக்கிறது.

அடித்தூண் எவ்வளவு ஆழம் இறங்கும் என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. அதனால் பட்டியலில் அதற்குத் தற்காலிக அளவு போட்டு, இறங்கிய பிறகு அளந்து பணம் கொடுப்பார்கள். முறை சரியானதுதான். ஆனால் எது கூடும், எது குறையும் என்று முன்பே தெரிந்த ஒருவர் விலை போட்டால் என்ன ஆகும்? கணக்குக்காக இரண்டு வரிகளை மட்டும் எடுத்துக்கொள்வோம். எண்கள் நான் போட்டவை.

பட்டியலில் அடித்தூண் 500 மீட்டர், கூரை 1,000 சதுர மீட்டர். முதலாமவர் தூணுக்கு மீட்டருக்கு 90 வெள்ளி (ரிங்கிட்), கூரைக்கு 120 வெள்ளி போடுகிறார். 45,000 கூட்டல் 120,000, ஆக 165,000. இரண்டாமவர் தூணுக்கு 180, கூரைக்கு 70. 90,000 கூட்டல் 70,000, ஆக 160,000. இரண்டாமவர் 5,000 வெள்ளி குறைவு. டெண்டர் அவருக்கு.

பிறகு தூண் 1,200 மீட்டர் இறங்குகிறது. மண்டபமும் கூரை வழியும் நீக்கப்பட்டுக் கூரை 600 சதுர மீட்டராகக் குறைகிறது. முதலாமவர் விலையில் 108,000 கூட்டல் 72,000, ஆக 180,000. இரண்டாமவர் விலையில் 216,000 கூட்டல் 42,000, ஆக 258,000. டெண்டர் நாளில் 5,000 குறைவாக இருந்தவர், கடைசிக் கணக்கில் 78,000 அதிகம். ஒரு கையெழுத்துகூட விதிக்கு மாறாக இல்லை. ஒவ்வொரு வி.ஓ.வும் படிவப்படி, ஒவ்வொரு விலையும் ஒப்பந்தப்படி.

அதனால் லயத்துப்பிள்ளை கேட்க வேண்டியது "ஏன் வி.ஓ. கொடுத்தீர்கள்" என்பதல்ல. நீக்கிய வேலைகளுக்கும் கூட்டிய வேலைகளுக்கும் வென்றவர் போட்டிருந்த விலை என்ன, துறையின் மதிப்பீட்டு விலை என்ன, மற்றவர்கள் போட்ட விலை என்ன என்று கேளுங்கள். நீக்கியதெல்லாம் அவர் குறைத்துப் போட்ட வேலை, கூட்டியதெல்லாம் ஏற்றிப் போட்ட வேலை என்று தெரிந்தால், அதைத் தற்செயல் என்று விட்டுவிட முடியாது. அப்படி இல்லையென்றால் சந்தேகத்தைக் கைவிடலாம். பேச்சை வைத்து யாரையும் குற்றவாளி ஆக்க வேண்டாம்.

---

ஓய்வுபெற்ற_பொறியாளர்

அளவுக்காரர் தம்பி கடைசியாகச் சொன்னதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நம் பகுதியில் பாதி நிலம் சதுப்பு. மண் ஆய்வுக்குத் துளை போடும் இடம் ஒன்று, தூண் இறங்கும் இடம் இன்னொன்று. 20 அடி தள்ளினால் மண் மாறிவிடும். வி.ஓ. இல்லாமல் இந்த மண்ணில் கட்டடம் எழுப்பியவர் யாரும் இல்லை. தூணுக்குப் பணம் கூடியபோது மொத்த ஒதுக்கீடு கூடாவிட்டால், எதையாவது வெட்டத்தான் வேண்டும். வகுப்பறையை வெட்டுவதைவிட மண்டபத்தை வெட்டுவது மேல் என்று அதிகாரி நினைத்திருக்கலாம்.

மாற்றம் எல்லாம் தீமையும் அல்ல. கிழக்குக் கரை ரயில் திட்டத்தில் 65.5 பில்லியன் வெள்ளியாக இருந்த செலவை 2019 ஏப்ரலில் துணை ஒப்பந்தம் போட்டு 44 பில்லியனாகக் குறைத்தார்கள். பிறகு பாதை மாறி அது 50 பில்லியனைத் தாண்டியது வேறு விஷயம். ஒப்பந்தத்தை மாற்றவே கூடாது என்று சட்டம் இருந்தால் அந்தக் குறைப்பும் நடந்திருக்காது.

---

தெற்குத்தோட்டம்

ஐயா, அதே மூச்சில் கடலோரப் போர்க்கப்பல்களையும் சொல்லுங்கள். 6 கப்பலுக்கு 9 பில்லியன் வெள்ளிக்கு மேல் ஒப்பந்தம், அதுவும் நேரடிப் பேச்சில் கொடுத்தது. 2022 ஆகஸ்டில் நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு அறிக்கை வெளியிட்டபோது 6 பில்லியனுக்கு மேல் கொடுத்தாகிவிட்டது, ஒரு கப்பலும் வரவில்லை. 2023-இல் ஒப்பந்தத்தைத் திருத்தினார்கள். கப்பல் 5 ஆகக் குறைந்தது, விலை 11.22 பில்லியனாக ஏறியது. எண்ணிக்கை குறைந்து விலை ஏறுவதை எங்கேயோ பார்த்தது போல் இருக்கிறதா? நம் பள்ளி வாசலில் பாருங்கள்.

நிறுத்திவிட்டுப் புதிதாகத் தொடங்கினால் இன்னும் நட்டம் என்பார்கள். பாதி வேலை நடந்த பிறகு எப்போதும் அதுதான் உண்மையாக இருக்கும். அதனால்தான் மாற்றத்தைத் தொடக்கத்திலேயே கேட்க வேண்டும்.

---

பழைய_டீச்சர்

நான் அந்தப் பள்ளியில் கற்பித்தவள். சட்டம் எனக்குத் தெரியாது. மண்டபம் என்றால் என்ன என்று தெரியும். மழை பெய்தால் காலைக்கூட்டம் இல்லை. ஆண்டிறுதிப் பரிசளிப்புக்குக் கோயில் மண்டபத்தைக் கேட்டு நிற்போம். அன்று கோயிலில் கல்யாணம் இருந்தால் நிகழ்ச்சியே தள்ளிப்போகும். தேர்வுக்கு இரண்டு வகுப்புகளுக்கு நடுவில் உள்ள மடக்குப் பலகையைத் திறந்து மேசைகளை இழுத்துப் போடுவோம். கூரை வழி இல்லாவிட்டால் முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் சிற்றுண்டிச்சாலைக்கு நனைந்துகொண்டுதான் போக வேண்டும். மண்டபத்தை வெட்டுவது மேல் என்று அதிகாரி நினைத்திருக்கலாம் என்று பொறியாளர் ஐயா எழுதியிருக்கிறார். இருக்கலாம். பள்ளியை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் அல்லவா?

---

வெளியூர்_மாணவி

நான் இங்கிலாந்தில் சட்டம் படிக்கிறேன். என் பாட்டி நம் பட்டணத்தில்தான் இருக்கிறார். மாற்றம் பற்றிய கேள்விக்கு மற்ற நாடுகள் கொடுத்த பதில் இங்கே உதவும் என்று நினைக்கிறேன்.

ஐரோப்பிய நீதிமன்றம் 2008-இல் பிரெஸ்ஸெடெக்ஸ்ட் என்ற வழக்கில் ஓர் அளவுகோலைச் சொன்னது. மாற்றிய நிபந்தனை முதலிலேயே இருந்திருந்தால் வேறு போட்டியாளர்கள் உள்ளே வந்திருப்பார்களா, அல்லது வேறொருவர் வென்றிருப்பாரா? ஆம் என்றால் அது மாற்றம் அல்ல, புதிய குத்தகை. புதிதாகப் போட்டி நடத்த வேண்டும். லயத்துப்பிள்ளை அண்ணனின் மைத்துனர் கேட்டது அப்படியே இந்தக் கேள்விதான்.

அமெரிக்காவில் 1993-இல் ஏடி அண்டு டி, வில்டெல் வழக்கில் இதே திசையில் போனார்கள். முதலில் நடந்த போட்டியின் எல்லைக்குள் அந்த மாற்றம் அடங்குகிறதா என்று பார்த்தார்கள். அங்கே குத்தகை கொடுத்ததை எதிர்த்து அரசாங்கக் கணக்காய்வு அலுவலகத்தில் முறையிடலாம். 100 நாளில் முடிவு சொல்ல வேண்டும். உரிய காலத்தில் முறையிட்டால் வேலை தானாக நிறுத்திவைக்கப்படும், அவசரம் என்றோ நாட்டின் நலனுக்கு உகந்தது என்றோ காட்டினால் விலக்கு. இங்கிலாந்தில் 2025 பிப்ரவரி 24-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த கொள்முதல் சட்டத்தின்படி, விதிவிலக்குகள் போக, பெரிய மாற்றங்களைச் செய்யும் முன்பே பொது அறிவிப்பு வெளியிட வேண்டும்.

மலேசியாவில் இப்படி ஏதாவது உண்டா, ஐயா?

---

கிள்ளான்_வழக்கறிஞர்

நல்ல கேள்வி, மகளே. நம் நாட்டில் இதுவரை அரசாங்கக் கொள்முதல் பெரும்பாலும் நிதியமைச்சின் சுற்றறிக்கைகளாலும் கருவூல உத்தரவுகளாலும் நடந்துவந்தது. 1949-ஆம் ஆண்டு அரசாங்க ஒப்பந்தச் சட்டமும் 1957-ஆம் ஆண்டு நிதி நடைமுறைச் சட்டமும் இருக்கின்றன. ஆனால் தோற்ற போட்டியாளருக்கு உரிமை கொடுப்பது அவற்றின் நோக்கம் அல்ல. அதிகாரி சுற்றறிக்கையை மீறினால் அது ஒழுங்கு நடவடிக்கைக்கு உரிய விஷயம் என்ற எண்ணம்தான் ஆழமாக இருக்கிறது.

2025 ஆகஸ்டில் மக்களவை அரசாங்கக் கொள்முதல் சட்ட முன்வரைவை நிறைவேற்றியது. மறுஆய்வுக் குழுவும் மேல்முறையீட்டு நடுவர் மன்றமும் அதில் உண்டு. அமைச்சருக்கு அதிகாரம் கூடுகிறது, அவசரமாக நிறைவேற்றுகிறார்கள் என்று எதிர்க்கட்சியும் பொது அமைப்புகளும் எதிர்த்தன. அந்தக் குறையோடு சேர்த்தே சொல்கிறேன்: தோற்றவர் முறையிட நீதிமன்றத்துக்கு வெளியே சட்டப்படி ஓர் இடம் என்பது நமக்குப் புதிது, வேண்டியதும்கூட. எனக்குக் குறையாகப் படுவது வேறு. முறையீடு என்றாலே எல்லாரும் குத்தகை கொடுக்கும் நாளைத்தான் நினைக்கிறார்கள். அளவுக்காரர் காட்டிய 78,000 வெள்ளி அந்த நாளில் இல்லை. அது பிறகு வருகிறது. பெரிய வி.ஓ.வுக்கும் அறிவிப்பும் முறையீடும் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நீதிமன்றத்தில் மாற்றத்தை எதிர்த்தால் அரசாங்கத் தரப்பு என்ன சொல்லும்? "இது ஒப்பந்தத்துக்கு உட்பட்ட நிர்வாகம், இரு தரப்புக்கு இடையிலான தனியார் சட்ட விஷயம், பொதுச் சட்டம் இங்கே நுழையாது" என்று சொல்லும். அது வலுவான வாதம். பிரெஸ்ஸெடெக்ஸ்ட் நம் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது; வாதத்துக்குத் துணையாகக் காட்டலாம். 3 மாதக் கணக்கு மாற்றத்தைத் தெரிவித்த நாளிலிருந்து ஓடுகிறது என்று நாம் சொல்லலாம். அதனால் பெற்றோர் சங்கக் கூட்டக் குறிப்பைப் பத்திரமாக வையுங்கள். அதிகாரி சொன்ன நாள் அதில் இருக்கிறது.

---

சிமெந்து_கை

நான் துணைக் குத்தகைக்காரன். இந்தப் பள்ளியில் இல்லை, வேறு வேலையில். சிறிய அரசாங்க வேலைகள் பூமிபுத்ரா (மலாய்க்காரர், பிற பூர்வகுடியினர்) குத்தகையாளர்களுக்கு ஒதுக்கப்பட்டவை. நம்மவர்கள் பலர் துணைக் குத்தகையாகத்தான் உள்ளே போகிறோம். வி.ஓ. என்றால் மேலே இருப்பவருக்குக் காகிதம், எங்களுக்கு வாய்ச்சொல். "இந்தச் சுவரை இடித்து அந்தப் பக்கம் கட்டு, பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றார்கள். கட்டினேன். கூலியாட்களுக்கு நான் கொடுத்துவிட்டேன், எனக்கு வரவில்லை. எங்களைப் போன்றவர்களுக்கு என்ன வழி?

---

கிள்ளான்_வழக்கறிஞர்

2012-ஆம் ஆண்டு கட்டுமானத் துறைப் பணம் செலுத்துதல், தீர்ப்பாய்வுச் சட்டம் உங்களுக்காகவே வந்தது; 2014 ஏப்ரல் 15 முதல் நடப்பில் இருக்கிறது. பணக் கோரிக்கையை எழுத்தில் அனுப்புங்கள். 10 வேலை நாளுக்குள் அவர் பதில் தர வேண்டும். பிறகு தீர்ப்பாளரிடம் போகலாம். தரப்புகளின் ஆவணங்கள் வந்து முடிந்த பிறகு 45 வேலை நாளில் முடிவு சொல்ல வேண்டும். வழக்கைவிட விரைவு, செலவும் குறைவு. ஆனால் அந்தச் சட்டம் எழுத்தில் உள்ள கட்டுமான ஒப்பந்தத்துக்குத்தான் பொருந்தும். வாய்ச்சொல் மாற்றம் என்றால் அன்றிரவே வாட்ஸ்அப்பில், "இன்று நீங்கள் சொன்னபடி சுவரை மாற்றிக் கட்டுகிறேன், அளவு இவ்வளவு, விலை இவ்வளவு" என்று ஒரு வரி அனுப்பிவிடுங்கள். படம் எடுத்து வையுங்கள். உங்கள் பழைய வேலை பற்றித் தனியாக எழுதுங்கள், பார்க்கிறேன்.

---

அளவுக்காரர்

ஓர் எச்சரிக்கை. யாரிடமாவது விலைப் பட்டியலோ உள்ளறிக்கையோ கிடைத்தால் தயவுசெய்து இங்கே போடாதீர்கள். அதிகாரத்துவ இரகசியச் சட்டம் 1972 இருக்கிறது. தகவல் தருபவர் பாதுகாப்புச் சட்டம் 2010 பாதுகாப்பது அமலாக்க அமைப்பிடம் சொல்பவரைத்தான். இணையத்தில் போடுபவரை அல்ல. கையூட்டுக்கான அடையாளம் தெரிந்தால் ஊழல் தடுப்பு ஆணையத்திடம் போங்கள். காசு கொடுத்து ஒருவரை டெண்டரிலிருந்து விலகவைப்பது 2009-ஆம் ஆண்டு ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தின் 20-ஆவது பிரிவில் தனிக் குற்றம். போட்டியாளர்கள் கூடிப் பேசி விலை போட்டிருந்தால் அது போட்டி ஆணையத்தின் வேலை.

முதலில் வெளிப்படையாகக் கிடைப்பதை எடுங்கள். டெண்டர் முடிவுகளை வெளியிடும் கருவூல இணையத்தளத்தில் வென்றவர் பெயரும் தொகையும் இருக்கும். அதைப் பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

---

தெற்குத்தோட்டம்

சிலாங்கூரில் 2011 தகவல் சுதந்திரச் சட்டம் இருக்கிறதே, அதில் கேட்க முடியாதா?

---

கிள்ளான்_வழக்கறிஞர்

அது மாநில அரசாங்கத் துறைகளுக்கும் ஊராட்சி மன்றங்களுக்கும்தான். கால்வாய், சாலை விளக்கு, பொது மண்டபம் என்றால் கேட்கலாம். பள்ளிக் கட்டடம் கூட்டரசு (மத்திய அரசாங்க) விஷயம். அங்கே அந்தச் சட்டம் எட்டாது. இதில் வாரியம் கடிதம் எழுதிக் கேட்பதுதான் வழி. எழுதிய கடிதமும் வராத பதிலும் பிறகு நீதிமன்றத்தில் பேசும்.

---

லயத்துப்பிள்ளை

எல்லாருக்கும் நன்றி. நேற்று வாரியத் தலைவரையும் பெற்றோர் சங்கச் செயலாளரையும் பார்த்துப் பேசினேன். இருவரும் கையெழுத்திட ஒப்புக்கொண்டார்கள். என் மைத்துனரின் பெயர் கடிதத்தில் வராது; அவருடைய நட்டம் வேறு, பள்ளியின் கேள்வி வேறு என்று அவரே சொல்லிவிட்டார்.

கடிதத்தில் கேட்கப்போவது: மண்டபத்தையும் கூரை வழியையும் நீக்கிய வி.ஓ.வின் தேதியும் அதற்கு ஒப்புதல் கொடுத்த அதிகார நிலையும். நீக்கிய வேலைகளுக்கும் கூடுதல் தூணுக்கும் ஒப்பந்தத்தில் இருந்த விலையும் துறையின் மதிப்பீடும். மண் ஆய்வு அறிக்கையின் நகல். முடிக்கும் தேதியை நீட்டியதற்கான காரணம். நீக்கிய மண்டபத்துக்குத் தனி டெண்டர் விடும் எண்ணம் இருக்கிறதா என்பது. டீச்சர் சொன்ன மழைக்காலச் சிரமத்தை முதல் பத்தியிலேயே எழுதியிருக்கிறேன்.

மலாய் வரைவு தயாராகிறது. விலை பற்றிய பத்தியை அளவுக்காரர் அண்ணனும், மண் ஆய்வு பற்றிய வரியைப் பொறியாளர் ஐயாவும் பார்த்துத் தந்தால் வெள்ளிக்கிழமைக்குள் நேரில் கொடுத்து முத்திரை வாங்கிவிடுவோம்.